மூன்று தட்டு, பிறகு ஒரு தட்டு

என் மனைவி மங்கை மாடிப்படியின் மூன்றாவது படியில் இருந்தாள். கோட்டும் சப்பாத்தும் போட்டபடி, மடியில் கைப்பை. வயிற்றில் ஐந்து மாதம்.

வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. லண்டன் மாரிகாலத்தில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். முன்கதவின் நிறக் கண்ணாடி வழியாகத் தெருவிளக்கு உள்ளே வந்து அவள் முகத்தில் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் பச்சையாகவும் விழுந்திருந்தது.

"மேலை வாரும், குளிருது," என்றேன்.

"நான் வரமாட்டன். அவ கட்டில் கால்மாட்டிலை இருக்கிறா."

"ஆர்?"

"வெள்ளைக்காரப் பொம்பிளை. மடியிலை ஒரு பிள்ளை. கன்னம் ரெண்டும் செக்கச்செவேலெண்டு இருக்கு. என்னைப் பாத்துச் சிரிக்கிறா."

அந்தக் கணத்தில்தான் மேலே முன்னறைச் சுவரில் தட்டுக் கேட்டது. மூன்று தட்டு. ஒரே அளவான இடைவெளி விட்டு. பிறகு அமைதி. யாரோ பதிலுக்குக் காத்திருப்பதுபோல ஓர் அமைதி.

போன கிழமைக் கதையின் வால்

பாண் சுடுகிற தொழிற்சாலையில் ஆறு மாதத்தில் நான் மேற்பார்வையாளரான கதையைப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதில் "மனோர் பார்க் பேய்வீடு" என்று ஒரு சொல் எழுதிவிட்டு அப்பால் போய்விட்டேன். கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஒரு அன்பர் போன் எடுத்து, பேயைச் சொல்லாமல் பாணைச் சொல்லுறியளே என்று குறைப்பட்டார். அவருக்காக இது.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்றைக்கு என்னிடம் வேலை செய்கிற கணக்காளர்கள் இரண்டு பேரும் பட்டதாரிகள். இதை எத்தனையோ தரம் எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். லண்டனுக்கு வந்து நாலாம் வருஷம் சொந்த வீடு வாங்கியவர்கள் எங்கள் ஆட்களில் அப்போது எத்தனை பேர் என்று விரலை மடக்கிப் பாருங்கள். ஒரு கைவிரல் போதும். அதில் ஒன்று நான்.

அந்த வீட்டை வேறு ஒருவரும் வாங்கவில்லை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பால் பொங்கிய நாள்

எண்பதுகளின் நடுப்பகுதி. இலையெல்லாம் கொட்டி முடிகிற காலம். நல்ல நேரம் பார்த்து விடியற்காலையில் போய்ப் பால் காய்ச்சினோம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அதைவிட என்ன வேண்டும்?

வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று அது. அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே ஐவி என்ற வெள்ளைக்காரக் கிழவி தனியாக இருந்தாள். அறுபது தாண்டிய வயது, ஊசிபோல உடம்பு, தலையில் எப்போதும் பின்னல் தொப்பி. மங்கை ஒரு கிண்ணத்தில் பாலும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுபோய்க் கொடுத்தாள். கிழவி பொங்கலைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு மேல் ஜன்னலைத்தான் பார்த்தாளாம்.

"முன்னறையில் யார் படுக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டாளாம்.

நாங்கள்தான் என்று மங்கை சொல்ல, கிழவி கதவைச் சாத்திவிட்டாள்.

தெருமூலையில் பேப்பர் கடை வைத்திருந்த குஜராத்திக்காரர்தான் முழுக்கதையையும் சொன்னார். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின கதை. அந்த வீட்டில் துறைமுகத்தில் வேலை செய்த ஒருவன் மனைவி பிள்ளைகளோடு இருந்தான். ஒரு மாரிகாலப் பின்னேரம் வேலையால் வந்து பார்த்தால், மனைவியும் இரண்டு ஆண்பிள்ளைகளும் முன்னறைக் கட்டிலில் நித்திரை மாதிரிச் செத்துக் கிடந்தார்கள். கன்னம் மட்டும் சிவந்திருந்ததாம். காஸ் நச்சு என்று டாக்டர் சொன்னார். புருஷன்தான் விளக்கு காஸைத் திறந்துவிட்டு வேலைக்குப் போனான், திரும்பி வந்து மூடினான் என்று ஊர் சொன்னது. பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. சாட்சி இல்லையென்று விட்டது. ஊர் விடவில்லை. சாகும்வரைக்கும் அவன் நடந்துபோனால் சனம் தெருவின் மற்றக் கரைக்கு மாறிப்போகுமாம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் குடிவந்த ஒருவரும் ஒரு மாரிகாலத்தைத் தாண்டவில்லை என்றார் கடைக்காரர். ஒரு பெண்ணையும் பிள்ளைகளையும் காண்பார்களாம். வெளிக்கிட்டு ஓடிவிடுவார்களாம். சொல்லிவிட்டு எனக்கு மிச்சச் சில்லறையைத் தந்தார்.

விலாசமுள்ள பேய்கள்

லண்டன் பேய்களைப் பற்றி எனக்கு நல்ல பரிச்சயம். தொழிற்சாலையில் மாவு பிசைகிற இடத்தில் வெள்ளைக்காரர்கள் பேசுவதே அதுதான். கொள்ளைநோயில் செத்தவர்களைக் குழிகுழியாய்க் கொட்டி மூடிய நகரம் இது. அதற்கு மேலேதான் நாங்கள் பாதாள ரயில் ஏறி இறங்குகிறோம். ஆர்ச்வேயில் இறங்கி முருகன் கோயிலுக்கு மலையேறினால், அதற்கும் மேலே பழைய சவக்காலை. கறுப்புக் கோட்டுப் போட்ட உயரமான ஒருவன் அதன் இரும்புக் கேற்றுக்கு உள்ளே நிற்பான் என்பார்கள். நான் எத்தனை வெள்ளிக்கிழமை போயிருக்கிறேன். ஒருநாளும் காணவில்லை. முருகனிடம் போகிறவனுக்குக் காட்டாதாக்கும்.

எங்கள் பேய்கள் புளியமரத்தில் இருக்கும், சுடலையில் இருக்கும். மரத்தை வெட்டினால் போய்விடும். இங்கத்தைய பேய்க்கு வீட்டு நம்பர் உண்டு, போஸ்ட் கோட் உண்டு. கடிதம் போட்டால் போய்ச் சேரும்.

இப்படிப் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தவன்தான் நான். மார்கழி பிறந்தது.

நான் செய்த கட்டு

முன்னறையில் பழைய அடுப்பு இருந்த இடத்தில் யாரோ ஒரு காஸ் ஹீற்றர் பூட்டியிருந்தார்கள். அது நல்லாய்ச் சூடு தந்தது. ஆனால் அறைச் சுவரில், கூரைக்குக் கிட்ட, காற்று வருவதற்கென்று ஓட்டை போட்ட தகடு ஒன்று இருந்தது. அதற்குள்ளால் குளிர் சீறிக்கொண்டு வரும். காசு கொடுத்து எரிக்கிற சூட்டை ஓட்டை வைத்து வெளியே விடுகிற ஆட்கள் வெள்ளைக்காரர்தான் என்று நினைத்தேன். பழைய தமிழ்ப் பத்திரிகைகளை மடித்து மடித்து அதற்குள் அடைத்தேன். ஜன்னல் விளிம்பு முழுக்க மூன்று சுற்று செலோரேப் ஒட்டினேன். கதவுக்குக் கீழே மங்கையின் பழைய சீலை. ஒரு தும்மல் வெளியே போகாது. அப்படி அடைப்பேன் நான். எந்த வேலையைச் செய்தாலும் திறமாய்ச் செய்கிறவன்.

தை மாதம் மங்கைக்குத் தலையிடி தொடங்கியது. சத்தி எடுத்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வழமைதானே என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் தலை பாரமாக இருந்தது. விடிய மூன்று மணிக்கு எழும்பி வேலைக்குப் போகிற களைப்பு என்று நான் எனக்கே மருந்து சொன்னேன். பின்னேரம் இரண்டு மணிக்கு வேலையால் வந்து, ஹீற்றரைப் போட்டு, இரண்டு பேரும் ஒரு குட்டித் தூக்கம் போடுவோம். எழும்பினால் உடம்பு ஈயம் ஊற்றினதுபோல இருக்கும்.

பிறகு அவள் அந்தப் பெண்ணைக் காணத் தொடங்கினாள். முதலில் நிழல். பிறகு கால்மாட்டில் இருக்கிற உருவம். பிறகு முகம்.

அதோடு தட்டு. பின்னேரம் நாலு மணியளவில், கட்டில் தலைமாட்டுச் சுவரில். மூன்று தட்டு. நான் ஐவியிடமே போய்க் கேட்டேன். கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து, தான் ஒன்றும் தட்டவில்லை என்று சொல்லி மூடினாள். பொய் சொல்கிற முகம் அது என்று இப்போது எழுதலாம். அப்போது நான் அதை அப்படியே நம்பினேன்.

கோயிலில் பழக்கமான குருசாமி அண்ணையைக் கூட்டிவந்தேன். பார்வை பார்க்கத் தெரிந்தவர். வாசலில் தேசிக்காய் வெட்டி, நாலு மூலையிலும் வைத்து, வீட்டுக்குக் கட்டுக் கட்டினார். அடைத்த ஓட்டையைப் பார்த்ததும் தலையாட்டி மெச்சினார்.

"நல்ல வேலை செய்திருக்கிறாய் தம்பி. உதுக்குள்ளாலைதான் அது வந்து போறது. சாமியை வைச்சு மூடிவிடு," என்றார்.

அதற்கு மேலே முருகன் கலண்டரை ஆணியடித்து, ஓரமெல்லாம் ரேப் ஒட்டினேன். கதவைப் பூட்டிக்கொண்டு சாம்பிராணிப் புகை போட்டோம். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்தில் இரும்பு இருக்க வேண்டும், பாக்குவெட்டி உண்டோ என்று கேட்டார். பாக்குவெட்டிக்கு எங்கே போக? என் ஆணியடிக்கிற சுத்தியலைத் துணியில் சுற்றி அவள் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

கட்டுக் கட்டினபிறகு அந்தப் பெண் போகவில்லை. இன்னும் கிட்ட வந்தாள்.

கோலியர்ஸ் வுட்டில் தன் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் மங்கை இரண்டு நாள் நின்றாள். தலையிடி இல்லை, சத்தி இல்லை, பெண்ணும் இல்லை. திரும்பி வந்த அன்றுதான் அந்த மூன்றாவது படியில் இருந்தாள்.

"இஞ்சரப்பா, வித்துப்போட்டு வாங்கோ. இது இந்தப் பிள்ளையைக் கேக்குது," என்றாள்.

நான் விற்கமாட்டேன் என்றேன். பேய்க்குப் பயந்து வீட்டை விட்டவன் என்று என்னை ஒருவனும் சொல்லக்கூடாது என்றேன். கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கையின் பாரம் இன்றைக்கும் என் கையில் இருக்கிறது.

வியாழக்கிழமை

அதற்கு அடுத்த கிழமை. வெளியே உறைபனி. ஹீற்றரைக் கூட்டி வைத்துவிட்டு இரண்டு பேரும் படுத்தோம்.

எனக்கு அந்த நித்திரை நினைவிருக்கிறது. கிணற்றுக்குள் மெல்ல மெல்ல இறங்குவதுபோல. சுகமாக இருந்தது. கால்மாட்டில் நானும் அவளைக் கண்டேன். சத்தியமாகக் கண்டேன். சிவந்த கன்னம். மடியில் பிள்ளை. இருங்கோ, அவசரமில்லை என்பதுபோல இருந்தாள்.

அப்போது தட்டுக் கேட்டது. மூன்று தட்டு.

அமைதி.

பிறகு ஒரு தட்டு. முன்பு ஒருநாளும் கேளாத தட்டு. சுவருக்கு அந்தப் பக்கமில்லை. அறைக்குள்ளே. என் காதுக்குப் பக்கத்தில், கட்டில் சட்டத்தில்.

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தவனுக்கு முதலில் வருவது கோபம்தான். எழும்பப் பார்த்தேன். கால் இரண்டும் என் சொல்லைக் கேட்கவில்லை. தலையணைக்குக் கீழே கைவிட்டுச் சுத்தியலை இழுத்தேன். சுவரில் திருப்பி அடிக்கத்தான் எடுத்தேன். எழும்பிய வேகத்தில் தலை சுற்றி ஜன்னல் பக்கம் விழுந்தேன். விழும்போது சுத்தியல் பட்டுக் கண்ணாடி நொறுங்கியது.

குளிர்காற்று முகத்தில் அறைந்தது. இரண்டு மிடறு குடித்தேன். அறிவு வந்தது. மங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. அவளுடைய உதடு சிவந்திருந்தது.

அவளை இழுத்துக்கொண்டு படியால் இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

அம்புலன்ஸில் அவள் வாய்க்கு ஒட்சிசன் வைத்தார்கள். என்ன ஹீற்றர், எங்கே பூட்டியிருக்கிறது என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவளுடைய வயிற்றில் ஒரு கருவியை வைத்து அழுத்தித் தேடினார்கள். தேடிக்கொண்டே இருந்தார்கள். தாதி ஒருத்தி என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். நான் முருகனைக் கூப்பிடவில்லை. நான்தான் அவரை ஓட்டைக்கு அடைப்பாய் வைத்தவன், எந்த முகத்தோடு கூப்பிடுவது?

பிறகு கருவியில் சத்தம் வந்தது. டக், டக், டக். வேகமாக, உரத்து.

நான் தரையில் இருந்துவிட்டேன்.

புகைபோக்கிக்குள் இருந்தது

அடுத்த நாள் காஸ்காரர் வந்தார். ஜமேக்கா நாட்டவர், நல்ல ஆள். ஹீற்றரைக் கழற்றிப் புகைபோக்கிக்குள் தடியை விட்டார். போகவில்லை. மேலிருந்து முதலில் புறாக்கூடு விழுந்தது. அதற்குப் பின்னால் செங்கல். ஒன்று, இரண்டு, ஐந்து, பாதிக் கல், முழுக்கல். அதில் ஒட்டியிருந்த கரியைச் சுரண்டிக் காட்டினார். நிலக்கரி எரித்த காலத்துக் கரி. இந்தக் கல்லு விழுந்தபோது நீயும் பிறக்கவில்லை, நானும் பிறக்கவில்லை என்றார்.

நெருப்பின் நஞ்சு மேலே போக வழியில்லை. காற்று உள்ளே வருகிற ஓட்டையை நான் அடைத்துவிட்டேன். மணமில்லாத நஞ்சு. தலையிடி தரும், சத்தி தரும், இல்லாததைக் காட்டும், நித்திரையாக்கும். கன்னத்தைச் சிவக்க வைக்கும்.

கலண்டரைக் கழற்றி, ஓட்டைக்குள்ளிருந்து பத்திரிகைத் தாள்களை இழுத்தெடுத்து என் கையில் தந்தார். ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அந்த வீட்டின் பழைய கதையை நான் அவருக்குச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். அந்த மனுஷன் விளக்கைத் திறந்திருக்க வேண்டியதில்லை, குளிருக்கு அடுப்பு மூட்டி, ஜன்னலைச் சாத்தியிருந்தாலே போதும் என்றார்.

ஒரு பாதிக் கல்லை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஐவியின் கட்டில்

ஐவியும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள் என்று அம்புலன்ஸ்காரர் சொல்லியிருந்தார். மங்கையைப் பார்த்துவிட்டு மேல்மாடிக்குப் போனேன். பேயில்லையென்றால் தட்டினது கிழவிதான்; எழுப்பியதற்கு நன்றி சொல்ல வேண்டும். என் ஆங்கிலம் அப்போது பாண் தொழிற்சாலை ஆங்கிலம். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காமல் போகவில்லை.

கல்லை அவளுடைய மடியில் வைத்து, காஸ்காரர் சொன்னதைச் சொன்னேன். கிழவி அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். விரல் கறுத்தது.

"அந்த மனுஷன் என் அப்பா," என்றாள்.

அவள்தான் அந்த வீட்டின் மூத்த பிள்ளை. இருமல் என்று அன்றைக்கு அடுத்த வீட்டில் மாமியோடு விட்டிருந்தார்கள். பிறகு அந்த மாமியே வளர்த்தாள். சின்ன வயதில் தம்பிமாரோடு ஒரு விளையாட்டு இருந்ததாம். இந்தப் பக்கத்திலிருந்து அவள் மூன்று தட்டுத் தட்டுவாள். அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் ஒன்று தட்டுவார்கள். அன்று பின்னேரம் நாலு மணிக்கும் தட்டினாள். பதில் வரவில்லை. கோபம் போட்டிருக்கிறார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு, அந்த அறையில் யார் குடிவந்தாலும் நாலு மணிக்குத் தட்டுவாளாம். காலடிச் சத்தம் கேட்டால் மனம் ஆறுமாம். கேட்டபோது இல்லையென்று சொன்னது வெட்கத்தில்.

"அப்பா சாகிறபோது என்னிடம்தான் கேட்டார், நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா என்று."

"என்ன சொன்னனீங்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

பிறகு, வியாழக்கிழமை நீங்கள் தட்டியிருக்காவிட்டால் மூன்று உயிரும் போயிருக்கும் என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். செவ்வாய்க்கிழமை விழுந்து இடுப்பு முறிந்து இங்கே வந்தவள் அவள். வியாழக்கிழமை அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

"எத்தனை தட்டு?" என்றாள்.

"மூன்று. பிறகு உள்ளுக்கிருந்து ஒன்று."

கிழவி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கட்டிலோடு இருந்த மேசையில் விரல் மூட்டால் தட்டினாள். மூன்று தட்டு. தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

நான் கல்லை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன்.

மூன்றாவது படி

ஐவி பங்குனிக்கு முன் கண்ணை மூடிவிட்டாள். அந்தக் கல்லைத் தன் தகப்பன் புதைகுழியில் வைக்கச் சொல்லி என்னிடம் கேட்டிருந்தாள். அந்தக் குழிக்கு ஒரு கல்லும் நட்டிருக்கவில்லை. நான் கொண்டுபோய் வைத்தேன். கரிப்பக்கம் மேலே தெரிய வைத்தேன்.

சித்திரையில் மங்கையை அக்கா வீட்டிலிருந்து திரும்பக் கூட்டி வந்தேன். ஹீற்றர் இல்லை, ஓட்டை திறந்திருந்தது, காற்று வந்து போனது. அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. கட்டில், அலுமாரி எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னேரம் நாலு மணி, நல்ல வெயில். அவள் அதே மூன்றாவது படியில் நின்றாள், வயிறு முட்டியபடி. ஒரு கையைச் சுவரில் வைத்து, நான் தடுப்பதற்குள், மூன்று தட்டுத் தட்டினாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஏதும் கேட்டதே?" என்றாள்.

"இல்லை. வாரும்," என்றேன்.

அவள் மேலே ஏறினாள். அந்த வீட்டில்தான் எங்கள் மூத்தவள் தவழ்ந்தாள், நடந்தாள். இன்றைக்கும் அந்த வீடு என் பெயரில்தான் இருக்கிறது.

நாற்பது வருஷக் குடித்தனத்தில் மங்கைக்கு நான் சொன்ன ஒரே பொய் அந்த "இல்லை"தான். இந்தப் பத்திரிகை வந்தால் அவள் முதலில் விரிப்பது என் பக்கத்தைத்தான். விரிக்கட்டும்.